பெண் கலைஞர்களுக்கான அரங்க விழா: சென்னையில் முதன்முறையாக நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் ஓர் அரங்கை வாடகைக்கு எடுத்து, நாடகம், பரதநாட்டியம், கூத்து, பறை, வில்லுப்பாட்டு, கவிதை வாசிப்பு, ஆவணப்படம் என எல்லாக் கலைகளிலும் பெண்களே மேடையேறும் விழா ஒன்றை மார்ச் மாதத்தில் ஏழு மாலைகள் நடத்தினோம். நாங்கள் எட்டுப் பேர். எவருக்கும் விழா நடத்திய பழக்கம் இல்லை. கலைஞர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினமான வேலை என்று எண்ணி அதிலேயே மூன்று மாதங்களைச் செலவிட்டு, ஆவணங்களையும் கணக்கையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தோம். அதனால் எங்களைவிட அல்லல்பட்டவர்கள் தொலைவூர்களிலிருந்து வந்த கலைஞர்களே. பறை வாசித்துவிட்டு ஊர் திரும்பிய பெண்கள், எங்கள் வங்கிக் கணக்கு உரிய பெயரில் இல்லாத காரணத்தால், தங்கள் ஊதியத்துக்காக ஆறு வாரங்கள் காத்திருந்தார்கள். பெண்களைச் சிறப்பிக்கவென்று நடத்திய விழாவில் அது நிகழ்ந்திருக்கக் கூடாது. நீங்கள் அடுத்த மார்ச்சில் இப்படி ஒரு விழாவை நடத்த எண்ணியிருந்தால், அதற்கு முந்தைய ஜூலையிலேயே கீழுள்ள படிகளைத் தொடங்கிவிடுங்கள்.

1. விழாவை நடத்துவது யார் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

நண்பர்கள் கூடி நடத்துகிறோம் என்பது மேடையில் சொல்வதற்கு நன்றாக இருக்கும். ஆனால் அரங்க அலுவலகமும் வங்கியும் புரவலரும் கேட்பது ஒரு சட்டப்படியான பெயரை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி சங்கம் பதிவுசெய்யக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். அறக்கட்டளை என்றால் ஆவணம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும், பதிவுக்குப் பிறகு அந்தப் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு, வரிப் பிடித்தம் செய்வதற்கான டேன் எண் ஆகிய மூன்றும் வேண்டும். இவை அனைத்தும் கைக்கு வர இரண்டு மாதங்களை ஒதுக்கி வையுங்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை எதிர்பார்ப்பவர்களுக்கு இங்கே ஒரு தடை காத்திருக்கிறது. கலை, பண்பாட்டு வளர்ச்சிக்கு அந்த நிதியைச் செலவிடச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பணம் பெறும் வெளி அமைப்பு வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், சமூகப் பொறுப்பு நிதி பெறுவதற்கான சி.எஸ்.ஆர்.-1 எண்ணும் பெற்று, அதே வகைப் பணிகளில் மூன்றாண்டு அனுபவமும் உடையதாக இருக்க வேண்டும். நேற்றுப் பதிவான சங்கத்துக்கு அது கிடைக்காது. எனவே முதல் ஆண்டில், இந்தத் தகுதிகளைக் கொண்ட பழைய அறக்கட்டளை ஒன்றோடு எழுத்துப்பூர்வமான உடன்படிக்கை செய்துகொண்டு அதன் பெயரில் நடத்துவதே நடைமுறைக்கு ஏற்றது. உடன்படிக்கையில், கலைஞர்களுக்கான தொகையை எத்தனை நாள்களுக்குள் விடுவிப்பார்கள் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். எங்கள் ஆறு வாரத் தாமதத்துக்கு அந்த ஒரு வரி இல்லாததும் ஒரு காரணம்.

அயல்நாட்டிலிருந்து ஒரு நண்பர் நன்கொடை அனுப்புகிறேன் என்று சொன்னால், உடனே வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். அயல்நாட்டு நிதியைப் பெறுவதற்குரிய தனிப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அயல்நாட்டு மூலத்திலிருந்து நன்கொடை பெறுவது குற்றமாகும்.

2. தேதியும் அரங்கமும்

பலரும் மார்ச் 8, உலக மகளிர் நாளில் தொடங்கவே விரும்புவார்கள். மார்ச் 21 உலகக் கவிதை நாள், 27 உலக நாடக நாள் என்பதால், இந்த மூன்று வாரங்களுக்குள் ஒரு விழாவைப் பொருத்துவது எளிது. ஆனால் ஆங்கில நாள்காட்டியை மட்டும் பார்த்துத் தேதி குறித்தால் நாட்டுப்புறக் கலைஞர்களை இழந்துவிடுவீர்கள். மார்ச் நடுவில் பங்குனி பிறக்கிறது. அப்போதிருந்து ஆடி வரையில் கூத்துக் கலைஞர்களுக்குக் கோயில் திருவிழாக் காலம். தென்மாவட்டங்களில் வில்லிசைக் குழுவினருக்குக் கொடைவிழாக் காலம். ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியை அவர்கள் ஈட்டும் மாதங்கள் அவைதாம். எனவே நாட்டுப்புறக் குழுக்களுக்கான மாலைகளை மாசி மாதத்துக்குள் முடியும்படி முதல் வாரத்திலேயே வையுங்கள். மகா சிவராத்திரியும் அதையொட்டிய மயானக் கொள்ளையும் அந்த ஆண்டில் எப்போது வருகின்றன என்பதைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, அந்த நாள்களை விட்டுவிடுங்கள். பிளஸ் டூ தேர்வுகளும் மார்ச்சில் நடப்பதால், வளரிளம் பெண்களைப் பார்வையாளர்களாக எதிர்பார்க்கும் நிகழ்ச்சியைச் சனி, ஞாயிறுகளுக்கு மாற்றிவிடுவது நல்லது.

அரங்கைத் தேடும்போது, விழாவின் பாதிக் கலைகளுக்கு அது பொருந்தாமல் போகலாம் என்ற எண்ணத்தோடு தேடுங்கள். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்து மியூசியம் தியேட்டர் நாடகத்துக்கு அருமையான இடம். அரைவட்டமாக இறங்கும் இருக்கைகளிலிருந்து நடிகையின் முகபாவம் தெளிவாகத் தெரியும். ஆனால் அரசு வளாகம் என்பதால் கடிதப் போக்குவரத்துக்கும் நேரக் கட்டுப்பாட்டுக்கும் இடம் தந்தாக வேண்டும். சேத்துப்பட்டு சர் முத்தா வெங்கடசுப்பாராவ் அரங்கம் போலப் பள்ளி வளாகத்தில் உள்ளவற்றில் ஒலியமைப்பு நன்றாக இருக்கும். தேர்வுக் காலத்தில் பகல் ஒத்திகைக்கு இடம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பெசன்ட் நகர் கடற்கரையோரத்தில், நடனக் கலைஞர் சந்திரலேகா வாழ்ந்த ஸ்பேசஸ் வளாகம் போன்ற திறந்த வெளி இடங்கள் கூத்துக்கும் பறைக்கும் இயல்பாகப் பொருந்துபவை.

பதிவுக்கு முன் அரங்க மேலாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியவை சில உண்டு. வாடகை எந்த மணியிலிருந்து எந்த மணிவரை? மேடை அமைப்பதற்கான நேரம் அதில் அடங்குமா? ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு சேர்த்த தொகையா, சேர்க்காததா? மின் ஆக்கி (ஜெனரேட்டர்) ஓடினால் டீசல் செலவு யாருடையது? முன்வைப்புத் தொகை எத்தனை நாளில் திரும்ப வரும்? ஒப்பனை அறைகள் எத்தனை, அவற்றின் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்க எவரும் சொல்லித் தரமாட்டார்கள். நாங்கள் எடுத்த அரங்கில் பெண்கள் ஒப்பனை அறையின் தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது; ஏழு மாலைகளும் ஒரு தோழி கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

டிசம்பரில் தேதி கேட்டு அலையாதீர்கள். மார்கழிக் கச்சேரிகள் முடியும்வரை சபாக்களும் ஒலி, ஒளிக் கலைஞர்களும் எவருக்கும் பதில் சொல்லும் நிலையில் இருக்கமாட்டார்கள். அக்டோபருக்குள் முன்பணம் கட்டிவிட வேண்டும்.

3. கலைஞர்களைக் கண்டடைதல்

நகரத்தில் உள்ள நடனக் கலைஞர்களும் பாடகர்களும் எளிதில் கிடைப்பார்கள். உங்கள் உழைப்பு வேண்டியிருப்பது மற்ற கலைகளுக்கு. கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையங்களிலும், தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்திலும் குழுக்களின் விவரங்களைக் கேட்டுப் பெறலாம். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு தலித் பெண்களே பறை வாசிக்கும் குழு. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் உள்ள கட்டைக்கூத்துச் சங்கம், ஆண்களே பெண் வேடமிட்டு வந்த கலையில் சிறுமிகளையும் பயிற்றுவித்து மேடையேற்றியது. நாடக இயக்குநர் அ. மங்கையின் மரப்பாச்சி, திருநர் கலைஞர்களின் பன்மை போன்ற நாடகக் குழுக்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாளக் கருவிகள் ஆண்களுக்குரியவை என்ற எண்ணம் இன்னும் போகவில்லை; சுருதி வேறுபட்ட பல கடங்களை வரிசையாக வைத்து வாசிக்கும் சுகன்யா ராம்கோபாலைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கடம், மிருதங்கம், தவில், நாதசுரம் ஆகியவற்றில் இளம் பெண்களை விசாரித்துத் தேடுங்கள்.

அழைப்பைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிய ஒப்பந்தம் வேண்டும்: நாள், மேடை நேரம், ஊதியம், அது எந்த நாளில் எப்படி வழங்கப்படும், பயணம், தங்குமிடம், உணவு, நிகழ்ச்சியைப் படம்பிடிக்கலாமா, அப்படம் யாருக்குச் சொந்தம், விழா ரத்தானால் எவ்வளவு தொகை. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி, அவர் நம்பும் ஒருவர் முன்னிலையில் ஒப்பம் பெறுங்கள். கூடவே ஆதார் நகல், பான் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகிய மூன்றையும் ஒப்பந்த நாளிலேயே வாங்கிவிடுங்கள். விழா முடிந்த பிறகு அவற்றைக் கேட்டு நாங்கள் அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போதும் மனம் சோர்கிறது.

குழு ஊதியத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு உரிய தொகையைத் தலைவரின் கணக்கில் செலுத்துவதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் வரி முழுவதும் அவர் பெயரில் பிடிக்கப்படும். மற்றப் பெண்களுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவரோடும் தனித்தனியே ஒப்பந்தம் செய்து, அவரவர் கணக்குக்கு அனுப்புங்கள். எந்தக் கணக்கு எண்ணைக் கொடுப்பது என்பதை அந்தப் பெண்ணிடமே, அருகில் வேறு எவரும் இல்லாதபோது கேளுங்கள். எங்கள் விழாவில் கரகம் ஆடிய அக்கா ஒருவர், முதலில் கொடுத்த எண்ணை மாற்றி, மகளின் பெயரோடு சேர்த்துத் தாம் தொடங்கியிருந்த அஞ்சலகக் கணக்கின் எண்ணை எழுதித் தந்தார்.

14 வயதுக்குட்பட்ட சிறுமி எவரேனும், கட்டணம் வைத்து நடத்தும் நிகழ்ச்சியில் பங்கேற்றால், மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலாகவோ, இடைவேளையின்றி மூன்று மணி நேரத்துக்கு மேலாகவோ அவளை ஈடுபடுத்தக் கூடாது. ஒத்திகையையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

4. ஒவ்வொரு கலைக்கும் மேடை வேறு

நாங்கள் செய்த பெரிய பிழை, எல்லா நிகழ்ச்சிகளுக்கும் 50 நிமிடம், இடையில் 10 நிமிடம் என்று ஒரே அளவில் வெட்டியதுதான். கூத்துக் கலைஞர் ஒப்பனை செய்து, கட்டை எனப்படும் மர அணிகலன்களை ஏற்றிக் கட்டவே பல மணி நேரம் ஆகும். இரவு முழுவதும் நடக்கும் கூத்திலிருந்து 50 நிமிடத்தை அறுத்துக் கொடுங்கள் என்று கேட்பதே முறையன்று. அந்த மாலையை முழுவதுமாகக் கூத்துக்கே கொடுத்துவிடுங்கள். ஒப்பனை அறையைப் பிற்பகல் ஒரு மணிக்கே திறந்து வைத்து, ஒளி நிறைந்த கண்ணாடியும் தரையில் விரிக்கப் பாயும் வைத்துவிட்டால், அவர்கள் வேறு எதையும் கேட்கமாட்டார்கள்.

பறைக்கு நெருப்பு வேண்டும். தோலைச் சூடேற்றி இறுக்கினால்தான் அதன் குரல் எழும். இதை அறியாமல், மூடிய அரங்கில் தீ மூட்டக் கூடாது என்ற விதியை வைத்துக்கொண்டு, அரங்கக் காவலர் வாயிலில் குழுவைத் தடுத்துவிட்டார். நிகழ்ச்சி தொடங்க 20 நிமிடமே இருந்தது. ஒரு மூத்த பெண் பறையின் தோலில் விரலால் ஒருமுறை சுண்டிப் பார்த்தார். நனைந்த அட்டையைத் தட்டியதுபோல் ஓர் ஒலி வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் பறையை மார்போடு அணைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு மேலாளரிடம் மன்றாடி, வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் இரண்டு வாளி மணலும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்து, வைக்கோல் மூட்டிச் சூடேற்றினோம். நீங்கள் இதை அரங்க ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடலாம்: எந்த இடம், எந்த நேரம், யார் பொறுப்பு என்று ஒரு வரி போதும். குழுவில் சிலரிடம் சூடேற்றத் தேவையில்லாத செயற்கைத் தோல் பறை இருக்கலாம். அதை அவர்கள் விரும்பினால் மட்டுமே வாசிக்கட்டும்.

பரதநாட்டியத்துக்கு மரத்தளம் தேவை. சிமெண்டுத் தரையில் ஆடச் சொன்னால் ஆடுபவரின் முழங்கால் பாழாகும். அதே மேடையில் முதல்நாள் கூத்து நடந்திருந்தால், முத்துச்சரத்து மணிகளும் சலங்கையிலிருந்து உதிர்ந்தவையும் கிடக்கும். பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, வெறுங்காலால் நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். கரகத்துக்கு மேடையின் உயரமும் மேலே தொங்கும் விளக்குகளின் உயரமும் முக்கியம். வில்லிசைக் குழு தரையில் அமர்வதால் ஓர் அடி உயர மேடைப்பலகை வேண்டும்; வில்லுக்கும் குடத்துக்கும் உடுக்கைக்கும் தனித்தனி ஒலிவாங்கிகள் வைக்காவிட்டால் பாட்டு மட்டும் கேட்கும், தாளம் கேட்காது. நாதசுரமும் தவிலும் சிறிய அரங்கில் ஒலிபெருக்கி இல்லாமலே நிறைந்து ஒலிக்கும். வீணைக்கு நேர்மாறாகக் கூடுதல் கவனம் வேண்டும். குளிரூட்டியின் காற்று நேராகப் படும் இடத்தில் எந்தக் கருவியையும் வைக்காதீர்கள்.

கவிதை வாசிப்பை நிகழ்ச்சிகளுக்கு இடையே திரை இழுக்கும் நேரத்தை நிரப்பும் பொருளாகப் பயன்படுத்தாதீர்கள். அது கவிஞர்களை அவமதிப்பதாகும். அவர்களுக்கென ஒரு மாலையும், ஒரு மேசை விளக்கும், அமைதியும் வேண்டும்.

5. உரிமைகளும் அனுமதிகளும்

நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் முன்கூட்டியே கொடுத்து அனுமதி பெற வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியிருந்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளரும் நாடகக் கலைஞருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. இது தெரியாமல் சில அரங்க அலுவலகங்கள் இன்றும் பிரதியைக் கேட்கின்றன. தீர்ப்பின் நகல் ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொண்டு பணிவோடு எடுத்துக்காட்டுங்கள். அதேசமயம், கூட்டம், போக்குவரத்து, ஒலிபெருக்கி ஆகியவற்றுக்காகப் பகுதிக் காவல் நிலையத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே கடிதம் கொடுத்து, முத்திரையிட்ட நகலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். திறந்த வெளி நிகழ்ச்சியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது.

அடுத்தது பதிப்புரிமை. எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் கழியும்வரை, அவரது படைப்பை மேடையேற்ற உரிமையாளரின் அனுமதி தேவை. பாரதியார் பாடல்களுக்கும், தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கும் அந்தத் தடை இல்லை. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. பாரதியின் சொற்கள் பொதுவுடைமை என்பதால், அவர் பாடலை எவரோ பாடிப் பதிவுசெய்த ஒலிப்பதிவும் பொதுவுடைமை ஆகிவிடாது. பதிவுசெய்த இசைக்கு ஆடும் நிகழ்ச்சி எதுவாயினும், ஒலிப்பதிவுக்கு அதன் நிறுவனத்திடமோ பி.பி.எல். அமைப்பிடமோ, பாடல் வரிக்கும் இசைக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடமும் உரிமம் பெற வேண்டியிருக்கும். மேடையில் நேரடியாகப் பாடவைத்தால் செலவும் சிக்கலும் குறையும். இன்னும் இரண்டு பெண்களுக்கு வேலையும் கிடைக்கும்.

ஆவணப்படத்தைப் பொதுமக்களுக்குத் திரையிட, தணிக்கைச் சான்று தேவை. சான்று பெறாத படமென்றால், வணிக நோக்கமற்ற திரைப்பட விழா என்ற அடிப்படையில் மத்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குக் கோர வேண்டும். படத்தின் இயக்குநரிடம் முதல் தொலைபேசி உரையாடலிலேயே சான்று இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். எங்களிடம் ஒரு படத்துக்குச் சான்று இல்லை என்பது, துண்டறிக்கை அச்சான பிறகே தெரியவந்தது.

அயல்நாட்டுக் கலைஞர் ஊதியம் பெற்று நிகழ்த்துகிறார் என்றால் சுற்றுலா விசாவில் வரக் கூடாது. அவரை யார் வீட்டில் தங்கவைக்கிறீர்களோ அவர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும்.

6. பணம்

வரவை எப்போதும் குறைத்தே எழுதுங்கள். 200 இருக்கை கொண்ட அரங்கில் 300 ரூபாய்ச் சீட்டுக்கு 60,000 வரும் என்று தாளில் எழுதுவது எளிது. 120 பேர் வந்தால் கிடைப்பது 36,000. அழைப்பிதழில் வருபவர்களையும், அந்தந்த மாலைக் கலைஞர்களின் குடும்பத்தாரையும் கழித்தால் அதுவும் குறையும். எங்களுக்கு அரங்க வாடகையைவிடப் பயணமும் தங்குமிடமும் உணவுமே கூடுதலாயின. பத்துப் பேர் கொண்ட குழு என்றால் ஒரு வேன், ஓட்டுநரின் படி, கருவிகளுக்கு இடம், இரண்டு இரவுத் தங்கல், ஏழு வேளை உணவு என்று எண்ணிக் கணக்கெழுத வேண்டும். நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே ஊருக்கு அனுப்பிவிட்டால் மிச்சம் என்று எண்ணாதீர்கள். களைத்துப்போன பெண்களை நள்ளிரவு நெடுஞ்சாலையில் அனுப்பி மிச்சப்படுத்த வேண்டிய பணம் எதுவும் இல்லை.

வரி விதிகளில் உங்களுக்கு உதவுபவையும் உண்டு. நாடகம், நடனம், இசை நிகழ்ச்சிகளுக்கான நுழைவுச் சீட்டு தலைக்கு 500 ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. இல்லை. செவ்வியல் அல்லது நாட்டுப்புற இசை, நடன, நாடகக் கலைஞர் பெறும் ஊதியம் ஒரு நிகழ்ச்சிக்கு 1,50,000 ரூபாய்வரை இருந்தால் அதற்கும் விலக்கு உண்டு. இவை ஜி.எஸ்.டி.க்கு மட்டுமே. உள்ளாட்சி அமைப்புக்குரிய கேளிக்கை வரி தனி. மாநகராட்சியின் மண்டல வருவாய் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் பெற்றபின் சீட்டு விலையை அறிவியுங்கள்.

அமைப்பின் பெயரில் நடத்தும்போது, ஒருவருக்கு அந்த நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் வழங்கினால் 10 விழுக்காடு வரியை (டி.டி.எஸ்.) பிடிக்க வேண்டும். பான் எண் தராதவருக்கு அதுவே 20 விழுக்காடாகிவிடும். அதனால்தான் பான் நகலை முன்பே வாங்கச் சொன்னேன். கலைஞரிடம் ஊதியம் பேசும்போதே, பிடித்தத்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று இரண்டு தொகையையும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பிடித்தால், ஏமாற்றப்பட்டதாகவே அவர் எண்ணுவார்.

தேர்தல் அறிவிக்கப்பட்ட காலத்தில் விழா வந்தால், ஆவணமின்றி 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக எடுத்துச் செல்வது பறக்கும் படையிடம் சிக்குவதில் முடியும். வழிச்செலவு ரொக்கத்துக்கு வங்கி ரசீதையும் ஒப்பந்த நகலையும் கையில் வைத்திருங்கள்.

7. ஒப்பனை அறையும் பாதுகாப்பும்

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் விழாவுக்கும் பொருந்தும். ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்களும் அச்சட்டத்தின் பார்வையில் பணியாளர்களே. பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் அமைப்பில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய அமைப்பென்றால், புகார் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவுக்குச் செல்லும். நிகழ்ந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்ற விதியோடு, பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஒப்பனை அறையின் உள்சுவரில் ஒட்டிவையுங்கள். ஒலி, ஒளிப் பணியாளர்களில் பெரும்பாலோர் ஆண்களாக இருப்பார்கள். அவர்கள் எந்த நேரத்தில் எந்த வாயில் வழியாக வரலாம் என்பதை முதல்நாளே பேசி முடிவுசெய்தால், பின்னர் எவருக்கும் மனக்கசப்பு வராது.

அறையில் விடாய்க்கால அணையாடைகள், ஊக்குகள், தலைவலி மருந்து, வெந்நீர் ஆகியவை இருக்கட்டும். கைக்குழந்தையோடு வரும் கலைஞருக்காகத் தொட்டில் கட்ட ஒரு கம்பியும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் வேண்டும். எங்கள் விழாவில் நாடகத்தின் இரண்டாம் காட்சி முழுவதும், நடிகையின் ஏழு மாதக் குழந்தையை மடியில் வைத்திருந்தவர் மறுநாள் பாட வேண்டிய பாடகி.

பார்வையாளர்களாக வரும் பெண்களையும் நினைத்து நேரம் குறியுங்கள். மாலை 6.30க்குத் தொடங்கி 9 மணிக்குள் முடித்தால், கட்டணமில்லா நகரப் பேருந்தைப் பிடித்து அவர்கள் வீடு போய்ச் சேர முடியும்.

8. விழா முடிந்த மறுநாள் முதல்

நிகழ்ச்சி முடிந்த இரவிலேயே ஊதியத்தை அனுப்பி, பணம் சேர்ந்ததா என்று கலைஞரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அரங்கின் முன்வைப்புத் தொகைக்கான கடிதத்தை மறுநாள் காலையிலேயே கொடுங்கள். மார்ச் மாதத்தில் பிடித்த டி.டி.எஸ். தொகையை ஏப்ரல் 30க்குள் கட்ட வேண்டும். மற்ற மாதங்களில் பிடித்ததற்கு அடுத்த மாதம் 7ஆம் தேதியே கடைசி என்பதால், முன்பணம் கொடுத்த மாதங்களைத் தனியே பாருங்கள். பிடித்தத்துக்கான சான்றிதழைக் கலைஞருக்கு அனுப்பி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கக்கூடும் என்பதையும் சொல்லுங்கள். கணக்கு எழுதித் தர ஆள் இல்லாத கலைஞர்களுக்கு, உங்கள் கணக்காளரே ஒருநாள் உட்கார்ந்து செய்து கொடுக்க ஏற்பாடு செய்யலாம்.

கடைசியாக, ஒவ்வொரு கலைஞருக்கும் அவரது நிகழ்ச்சியின் முழுக் காணொளியையும் ஒளிப்படங்களையும் பென் டிரைவில் பதிந்து, அமைப்பின் முத்திரையோடு கூடிய சான்றுக் கடிதத்தையும் சேர்த்து அஞ்சலில் அனுப்புங்கள். விருதுக்கோ நிதியுதவிக்கோ விண்ணப்பிக்கும்போது மேடையேறியதற்கான ஆதாரம் கேட்கப்படுகிறது. முப்பது ஆண்டுகள் ஆடியும் ஒரு படம்கூடக் கையில் இல்லாத பெண்கள் இருக்கிறார்கள். கடிதத்தில் குழுவின் பெயரை மட்டும் எழுதாமல், அந்தப் பெண்ணின் முழுப் பெயரையும், அவர் நிகழ்த்திய கலையையும், நாளையும், அரங்கின் பெயரையும் எழுதுங்கள்.